பெட்டிமேல் எழுதிய பெயர்

கோரிமேடு, புதுச்சேரி
11 ஆகஸ்ட் 2025

தம்பி நெடுமாறனுக்கு,

உன் பழைய எண்ணுக்குப் போன் போட்டால் யாரோ ஒரு மீன் வியாபாரி எடுக்கிறார். நல்ல மனிதர். மூன்றாவது முறை போட்டபோது, "தம்பி ஆப்ட்டா சொல்றேம்மா" என்றார். அதனால்தான் காரைக்கால் கல்லூரி முகவரிக்கு இந்தக் கடிதம். இரண்டு வருஷம் கழித்து அக்கா எழுதுகிறாள் என்றால் ஏதோ காரியமாகத்தான் இருக்கும் என்று நினைப்பாய். காரியம்தான்.

நம் குருதிக்கொடைச் சங்கத்துக்கு நீ கட்டிக்கொடுத்த சர்வர் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது. மெஷின் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. நெட்வொர்க் மட்டும் செத்துப்போகிறது. அதுவும் எப்போது? ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது ரத்தம் கேட்டு ஓடிவந்து, நாங்கள் பொத்தானைத் தட்டி, அது பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போன் போட ஆரம்பிக்கிறதே, சரியாக அப்போது. சும்மா இருக்கும்போது சமர்த்தாக இருக்கிறது. ஜூலையில் ஒரு முறை, இந்த மாதம் ஒரு முறை. இரண்டு தடவையும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் அணைத்துப் போட்டுச் சமாளித்தேன். மழை ஆரம்பித்தால் டெங்கு வரும். அப்போது ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிற்பார்கள்.

நெட்வொர்க் கார்டை மாற்றிவிடலாம் என்று தலைவர் லூயிஸ் ஐயா சொல்கிறார். என்ன கார்டு வாங்கினால் அந்த சர்வருக்கு ஒத்துப்போகும் என்று எழுது. இப்போது இருப்பது டிஎன்-520. நீ போட்டதுதான். செப்டம்பர் 14 ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. அதற்குள் தெரிந்தால் நல்லது.

பழைய பேச்சு எதையும் நான் எடுக்கவில்லை. நீயும் எடுக்க வேண்டாம்.

கார்குழலி


காரைக்கால்
16 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது.

டிஎன்-520 என்பது அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்த பெயர். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தயாரிக்கிறவன் பெயரை மாற்றாமல் உள்ளே இருக்கும் சிப்பை மட்டும் மாற்றிவிடுவான். அந்த மாதம் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதைப் போடுவான். பெட்டி அதே பெட்டி, படம் அதே படம். கார்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'வி2' என்று இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் இது பிரச்சினை இல்லை. கார்டோடு அதை ஓட்டுவதற்கான டிரைவர் மென்பொருளையும் கம்பெனியே கொடுத்துவிடும். நம் சர்வரில் ஓடுவது ஓப்பன் சோர்ஸ். எந்தெந்த ஊரிலோ இருப்பவர்கள் தங்கள் சொந்த நேரத்தில் எழுதியது. சிப்பின் விவரத்தைக் கம்பெனி வெளியே சொன்னால் அவர்கள் சரியான டிரைவர் எழுதுவார்கள். சொல்லாவிட்டால் ஊகித்துத்தான் எழுதுவார்கள். ஊகித்து எழுதிய டிரைவர் வேலை குறைவாக இருக்கும்போது ஒழுங்காக ஓடும், பாரம் ஏறினால் கையை விரித்துவிடும். நீ எழுதியிருக்கும் அறிகுறி அதுதான்.

எனவே முதலில் இப்போது உள்ளே இருப்பது எந்த சிப் என்று தெரிய வேண்டும். தனித்தாளில் ஒரு கட்டளை எழுதி வைத்திருக்கிறேன். சர்வரில் அதை அடித்தால் சில வரிகள் வரும். நெட்வொர்க் என்று இருக்கும் வரியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தயாரித்தவரின் எண், மற்றது சிப்பின் எண். இரண்டையும் உன் கையால் எழுதி அனுப்பு. போன் வேண்டாம். போனில் நீ அழுவாய், நான் சரி சரி என்று சொல்லி வைத்துவிடுவேன். இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது.

பழைய பேச்சு வேண்டாம் என்கிறாய். சங்கத்தின் குறிப்பேட்டில் 2023 நவம்பர் 19ஆம் தேதிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. 'சர்வர் பொறுப்பாளர் நெடுமாறனின் கவனக்குறைவால் 9ஆம் தேதி அழைப்புகள் இரண்டு மணி பத்து நிமிடம் தாமதமாயின. பிரசவத்துக்கு வந்திருந்த செந்தமிழ்ச்செல்விக்கு உரிய நேரத்தில் ரத்தம் கிடைக்காமல் அவர் இறந்தார்.' கீழே என் கையெழுத்து. நான் வேலை பார்த்த சேதராப்பட்டு ஃபாக்டரிக்கு அந்த வரி இரண்டே வாரத்தில் வந்து சேர்ந்தது. சர்வர் அறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அந்த வரி இன்னும் குறிப்பேட்டில் இருக்கிறது. எனக்கு அது பழைய பேச்சு இல்லை.

நெடுமாறன்


கோரிமேடு
23 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு,

ஒரு கார்டின் பெயரைக் கேட்டால் மூன்று பக்கத்துக்குப் பாடம் நடத்துகிறாய். உன் கல்லூரிப் பிள்ளைகள் பாவம்.

கட்டளை எல்லாம் அடித்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. எதையாவது அடித்து எதையாவது கெடுத்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. அதனால் கார்டின் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து, நாலு பக்கமும் போட்டோ பிடித்து, பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். காமராஜ் சாலைக் கடைக்காரரிடமும் காட்டினேன். "எல்லாம் ஒண்ணுதாங்க, கேபிள சொருவினா லைட்டு எரியும், அவ்ளோதான்" என்றார். இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறவர் சொல்கிறார். நீ மட்டும் எண் எண் என்கிறாய். இதே கார்டில் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடட்டுமா? ஆம் இல்லை என்று ஒரே வார்த்தையில் எழுது.

கண்ணையன் மாமா உன்னைக் கேட்டார். முட்டிவலியோடு இன்னும் சங்கத்து வேனை அவர்தான் ஓட்டுகிறார். அப்பாவோடு மில்லில் தறி ஓட்டியவர், மில் மூடியதும் பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். இப்போது நம் ஆபீஸ் பின்னறைதான் அவருக்கு வீடு. உன் கடிதத்தின் உறையைப் பார்த்துவிட்டு, "மாறன் தம்பி எப்ப வருதாம்?" என்றார். தெரியவில்லை என்றேன்.

அந்த வரியைப் பற்றி நான் என்ன எழுத? கமிட்டி கூடி எழுதியது. நான் ஒருத்தி மட்டும் எழுதியது இல்லை.

கார்குழலி


காரைக்கால்
28 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

இல்லை. அதே பெயரில் இன்னொன்று வாங்காதே.

பிரிண்ட் தெளிவாக இருக்கிறது. பெட்டியின் அடிப்பக்கம் தயாரித்த மாதம் அச்சாகியிருக்கிறது. ஆகஸ்ட் 2023. நான் அந்த சர்வரைக் கட்டியது 2021 மார்ச்சில்.

கட்டளையை அடித்து எண்களை எழுதி அனுப்பு. எதுவும் கெட்டுப்போகாது.

நெடுமாறன்


கோரிமேடு
4 செப்டம்பர் 2025

மாறா,

சிப்பின் எண் 91c3. தயாரித்தவரின் எண்ணையும் சேர்த்துப் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

அந்தத் தேதியை நான் கவனிக்கவே இல்லை. நாலு பக்கமும் போட்டோ எடுத்து நானே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

2023 ஆயுத பூஜை அன்று, அக்டோபர் 23, நாங்கள் ஆபீஸைக் கழுவித் துடைத்தோம். சர்வருக்குள் தூசி அடைந்திருக்கும் என்று நான்தான் அதை அணைத்துப் பக்கத்து மூடியைக் கழற்றினேன். கண்ணையன் மாமா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். வேனுக்கு வைத்தாயிற்று, மேஜைக்கு வைத்தாயிற்று, டெலிபோனுக்கு வைத்தாயிற்று. சர்வர் பெட்டியின் மேல் வைத்தவர் அதோடு நிற்கவில்லை. "வேல செய்றது உள்ள இருக்கறதுதானம்மா, வெளில மட்டும் வெச்சா எப்படி?" என்றார். மில்லில் தறிக்குத் தறி உள்ளே கைவிட்டுப் பொட்டு வைத்துப் பழகியவர். நான் சிரித்துக்கொண்டே, "வைங்க மாமா" என்றேன். ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. அந்தக் கார்டை மட்டும் உருவி எடுத்து, கீழே தங்க நிறத்தில் பல்வரிசை இருக்குமே, அங்கே நன்றாகக் குழைத்து வைத்துத் திரும்பச் சொருகினார். சர்வரைப் போட்டதும் தீய்ந்த வாசனை வந்தது. மாமாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

காமராஜ் சாலைக்கு ஓடினேன். பாதிக் கதவைச் சாத்திக் கடையிலும் பூஜை போட்டுக்கொண்டிருந்தார்கள். சர்வரின் பக்கவாட்டில் நீ ஒட்டியிருந்த சீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தேன். 'நெட்வொர்க் கார்டு: டிஎன்-520' என்று உன் எழுத்து. அதைக் காட்டியதும் கடைக்காரர் பொரிகடலைப் பொட்டலத்தோடு கார்டையும் கொடுத்தார். போட்டதும் விளக்கு எரிந்தது. நாலைந்து பேருக்குப் போன் போட்டுப் பார்த்தேன், போயிற்று. உன்னிடம் சொன்னால் திட்டுவாய் என்று விட்டுவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

பதினேழு நாள் கழித்து, வியாழக்கிழமை மூன்று மணிக்கு அந்தப் பெண்ணின் புருஷன் கலைவாணன் ஓடிவந்தான். ஓ நெகட்டிவ் வேண்டும் என்றான். பொத்தானைத் தட்டினேன். எல்லாப் பெயருக்கு நேரேயும் 'அழைக்கிறது' என்று வந்தது. ஏழாவது பெயர் உன்னுடையது. அதற்கு நேரேயும் அப்படித்தான் இருந்தது. நீ எடுக்காமல் இருக்கிறாயே என்று எனக்குக் கோபம்தான் வந்தது, மாறா. முதல் நாலு பேருக்கு மேல் யாருக்கும் போகவே இல்லை என்று ஐந்து மணிக்குத்தான் தெரிந்தது. மறுவாரம் கலைவாணன் வந்து, "மேடம், போன் எப்ப பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டான். மூன்று மணிக்கு என்றேன்.

கமிட்டியில் நான் வாய் திறந்திருந்தால் மாமாவை அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார்கள். அந்த அறையை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. அவருக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன். எனக்காகவும்தான். எனக்குப் பயமாக இருந்தது. உன்னை விட்டுவிட்டேன்.

அக்கா


காரைக்கால்
8 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

எண் சரி. 2023 நவம்பர் 10 காலையில் நான் ஆபீஸுக்கு வந்து சர்வரின் பதிவுகளைப் படித்தேன். அப்போதே இந்த எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். அந்தத் தாள் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. ஆயுத பூஜை அன்று மூன்று மணி நேரம் சர்வர் அணைந்திருந்ததும் பதிவில் இருந்தது. நீ எதையோ கைதவறிச் செய்துவிட்டு மாற்றியிருக்கிறாய் என்று புரிந்தது. சந்தனம் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே எண் எனக்குத் தேவைப்படவில்லை. அது உன் கையெழுத்தில் வர வேண்டும் என்று இருந்தது.

அன்று கமிட்டியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். கையெழுத்துப் போடும்போது உன்னைப் பார்த்தேன். நீ தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாய். அந்தக் கோபத்தில்தான் போட்டேன்.

இன்னொரு காரணம் அந்தச் சீட்டு. அவசரத்துக்கு வேறு யாராவது வாங்கிப் போடட்டும் என்றுதான் ஒட்டினேன். பெயரை எழுதினேன், சிப்பின் எண்ணை எழுதவில்லை. பெயர் போதாது என்று எனக்குத் தெரியும். முதல் வகுப்பிலேயே பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது அதுதான். அன்றைக்குச் சோம்பல், பேனாவை எடுத்து இன்னொரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்து இல்லை என்று சொல்லியிருப்பார். நீ வாங்கியது நான் எழுதியதைத்தான். 'கவனக்குறைவு' என்று குறிப்பேட்டில் இருப்பதை முழுப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது, என் போன். அன்று மூன்று மணிக்கு அது சேதராப்பட்டில் என் மேஜைமேல் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து கோரிமேட்டுக்கு வண்டியில் இருபது நிமிடம். ஐந்து மணிக்கு மேல் அது அடித்து, நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பெண்ணின் படுக்கையைச் சுற்றித் திரை போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் போனைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை. போன் எண்ணை மாற்றியது உன்னால் இல்லை.

இனி கார்டு. கடையில் நீ வாங்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். நம் சர்வருக்கான டிரைவர் எந்தெந்த சிப்புக்கு நன்றாக இருக்கிறது என்று அதை எழுதுகிறவர்களே ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் இருக்கிற, விவரம் முழுதும் வெளியான சிப்பாகப் பார்க்க வேண்டும். அந்த சிப்பின் பெயரில் போலிக் கார்டுகளும் சுற்றுகின்றன. எனவே கையில் வந்ததும் முதலில் என் மெஷினில் போட்டு எண்ணைப் படித்து, இரண்டு நாள் முழுப் பாரத்தில் ஓட்டிப் பார்ப்பேன். தாக்குப்பிடித்தால் உனக்கு.

பொதுக்குழுவில் நீ என்ன சொல்கிறாய் என்பது உன் விஷயம். மாமாவின் பெயரை இழுக்காதே.

நெடுமாறன்


கோரிமேடு
17 செப்டம்பர் 2025

மாறா,

சொல்லிவிட்டேன். நாற்பத்தோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூடியைக் கழற்றியது நான், கார்டைக் கெடுத்தது நான், மாற்றிப் போட்டுவிட்டு மறைத்தது நான் என்று சொன்னேன். கெடுத்தது எப்படி என்று ஒருவர் கேட்டார். ஈரம் பட்டுவிட்டது என்றேன். பின்னால் கதவோரம் நின்றிருந்த மாமா, "பொட்டு வெச்சவன் நான். அந்தத் தம்பி பேர மொதல்ல எடுங்க" என்றார். நீ இழுக்காதே என்றாய். நான் இழுக்கவில்லை, அவரே வந்தார். வேன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நின்றிருந்தார். லூயிஸ் ஐயா அதை வாங்கவில்லை. "வேன் யார் ஓட்டுவா, நீயா நானா? உள்ள வை" என்றார்.

அந்த வரியை அடித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஐயா இன்னும் குறிப்பேட்டைப் பிரெஞ்சில் புரோசே-வெர்பால் என்றுதான் சொல்வார். "புரோசே-வெர்பால்ல அடிக்கறது கெடயாது. கீழ எழுதலாம்" என்றார். எழுதியிருக்கிறது. 'மேற்படி தவறு நெடுமாறனுடையது அல்ல. கார்டு அவருக்குத் தெரியாமல் மாற்றப்பட்டது.' அதன் கீழே என் கையெழுத்து. உன் சீட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. அது உன் விஷயம். என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். போன் மேஜையில் உட்காரலாம் என்றார்கள். எனக்கு அது போதும்.

நேற்று வானூர் பக்கம் கலைவாணன் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பிரசவத்தில் பிறந்த பெண் நடக்கிறாள், பெயர் அபி. என் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மணிக்கு நாலு பேருக்கு மேல் போன் போகவே இல்லை, அன்று நான் சொன்னது தப்பு என்றேன். அவன் கத்துவான் என்று நினைத்தேன். அபியின் கையிலிருந்து செருப்பை வாங்கி என் முன்னால் வைத்தான். பிறகு, "இப்ப சரியா இருக்குதா மேடம்?" என்று கேட்டான்.

என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அதே கார்டுதான் இன்னும் உள்ளே இருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா


காரைக்கால்
25 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

முதலில் வந்த கார்டு போலி. எண்ணைப் படித்ததும் தெரிந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டாவது சரியாக இருக்கிறது. இரண்டு நாள் முழுப் பாரத்தில் ஓட்டினேன். ஒரு தடவையும் நிற்கவில்லை.

30ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் அதை எடுத்துக்கொண்டு வருகிறேன். மதியத்துக்குள் மாட்டிவிடலாம். சரியாக மூன்று மணிக்குப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சோதனை அழைப்பு போட வேண்டும். இது சோதனை என்று முந்தைய நாளே எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிடு. எத்தனை பேருக்கு மணி அடித்தது என்று திரையை நம்பாமல், ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொள்வோம். எல்லோருக்கும் அடித்தால், கலைவாணனுக்கு நீயே போன் பண்ணிச் சொல்.

பழைய சீட்டைக் கிழித்துவிடு. புதுச் சீட்டில் சிப்பின் எண்ணையும் எழுதிக்கொண்டு வருகிறேன். லூயிஸ் ஐயாவிடம் குறிப்பேட்டை எடுத்துவைக்கச் சொல். பழைய சீட்டைப் பற்றி நானும் கீழே ஒரு வரி எழுத வேண்டும்.

மறுநாள் ஆயுத பூஜை. மாமாவிடம் சொல், உள்ளே வைக்கலாம். ஆனால் காய்ந்த குங்குமம் மட்டும், மூடியின் உள்பக்கத் தகட்டில் மட்டும். நான் பக்கத்தில் நிற்பேன்.

என் புது எண் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. நீ கூப்பிடுவதற்காகக் கொடுக்கவில்லை, பட்டியலில் சேர்ப்பதற்காக. ஓ நெகட்டிவ், அதே ஏழாவது இடத்தில் போடு. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஆபீஸில் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன், போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு. அடித்தால் எடுக்கிறேன்.

மாறன்